எண்ணெய்ப் பணத்தை என்ன செய்வது? கயானாவின் முன் நான்கு வழிகள்

இயற்கை வளத்தால் திடீரென்று பணம் பார்க்கும் நாடு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், 'நார்வேயைப் போலச் சேமிக்க வேண்டும்' என்ற பதில் தயாராக இருக்கும். அமெரிக்க மாநிலமான அலாஸ்காவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் 'மக்களுக்கே பிரித்துக் கொடுத்துவிடலாமே' என்பார்கள். பள்ளிக்கூடமும் பாலமும் இல்லாத நாடு எதற்காகச் சேமிக்க வேண்டும் என்று மூன்றாவது குரல் ஒன்று கேட்கும். மூன்றுமே நியாயமாகத் தெரிவதால் எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்கும் வாசகர்களுக்காக இந்த ஒப்பீடு.

பொதுவாகப் பேசினால் எல்லா வழியும் நல்ல வழிதான். ஆகவே இந்த முடிவை இப்போதே எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு நாட்டை வைத்துப் பார்ப்போம். தென் அமெரிக்காவின் வடகரையில், ஏறக்குறைய 8 லட்சம் பேர் வாழும் கயானா. 2015ல் அதன் கடற்பரப்பில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமான எக்ஸான்மொபில் எண்ணெயைக் கண்டுபிடித்தது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாயைத் தாண்டிவிட்டது. 2022ல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. அந்த ஆண்டு உலகில் வேறெந்த நாடும் அதன் அருகில்கூட இல்லை.

நமக்கும் அந்த மண்ணோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1838 முதல் 1917 வரை அங்குள்ள கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள். ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் இருந்தார்கள்; அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு இன்றும் அங்கே நடக்கிறது. அந்தக் கரும்புத் தோட்டங்களின் கதி இந்தக் கணக்கில் பின்னால் வரும்.

## முதலில் அளவுகோல்கள்

எண்ணெய் விற்று வரும் பணத்தை 'வருமானம்' என்று எழுதுவதிலேயே சிக்கல் தொடங்குகிறது. காணி நிலத்தை விற்றவர் கையில் காசு இருக்கும், ஆனால் நிலம் போய்விட்டது. விற்ற காசில் மாதச் செலவு செய்துகொண்டு 'நல்ல சம்பாத்தியம்' என்று சொல்ல முடியாது. பூமிக்கடியில் இருந்த ஒரு சொத்து வேறொரு சொத்தாக மாறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ள ஐந்து விஷயங்களைப் பார்க்கலாம்.

எண்ணெய் தீர்ந்த பிறகு என்ன மிஞ்சும்? பங்குப் பத்திரமாக இருக்கலாம், படித்த தலைமுறையாக இருக்கலாம், ஓடுகிற மின் நிலையமாக இருக்கலாம். எதுவோ ஒன்று மிஞ்ச வேண்டும்.

விலை சரிந்தால் தாங்குமா? எண்ணெய், தாமிரம், வைரம் எல்லாமே ஒரே ஆண்டில் பாதி விலைக்கு வரக்கூடியவை. சம்பளமும் ஓய்வூதியமும் அப்படிப் பாதியாக முடியாது.

மற்ற தொழில்கள் பிழைக்குமா? நெதர்லாந்தில் 1959ல் குரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. வாயு ஏற்றுமதியால் அந்த நாட்டு நாணயம் வலுத்து, மற்ற ஏற்றுமதித் தொழில்கள் நலிந்தன. அதைப் பார்த்து 1977ல் ஒரு பிரிட்டிஷ் வார இதழ் வைத்த பெயர்தான் 'டச்சு நோய்'. நோய் வேலை செய்யும் விதம் எளிது. டாலர் உள்ளே கொட்டினால் நாணயம் ஏறும், அல்லது கூலியும் வாடகையும் ஏறும். விவசாயியும் சிறு உற்பத்தியாளரும் உலகச் சந்தை விலைக்குத்தான் விற்றாக வேண்டும். செலவு மட்டும் உள்ளூர் விலையில் கூடிக்கொண்டே போகும்.

ஆட்சியில் இருப்பவர் எவ்வளவு எளிதாகக் கை வைக்க முடியும்?

இன்று ஏழையாக இருப்பவருக்கு என்ன கிடைக்கும்? பேரப்பிள்ளைக்காகச் சேமிப்பது நல்லதுதான். ஆனால் பேரப்பிள்ளை நம்மைவிட வசதியாக இருக்கப்போகிறான் என்றால், இன்று மருந்தில்லாமல் இருப்பவரிடமிருந்து எடுத்து அவனுக்குக் கொடுக்கிறோம் என்றும் அதைச் சொல்லலாம்.

## வழி 1: வெளிநாட்டில் சேமிப்பது

நார்வேயின் எண்ணெய் நிதியம் இன்று ஏறக்குறைய 2 லட்சம் கோடி டாலர். உலகப் பங்குச் சந்தைகளில் பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளில் சராசரியாக 1.5 சதவீதம் இந்த ஒரே நிதியத்திடம் இருக்கிறது. நிதியம் நார்வேக்குள் முதலீடு செய்யக்கூடாது என்பது விதி; டச்சு நோய்க்கான தடுப்பு மருந்து அது. ஒவ்வோர் ஆண்டும் நிதியத்தின் நீண்டகால லாபம் என்று மதிப்பிடப்படும் அளவை மட்டுமே அரசு செலவழிக்க வேண்டும். 2001ல் அது 4 சதவீதம்; 2017ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அசலைத் தொடுவதில்லை.

அளவுகோல்களில் வைத்துப் பார்த்தால் எண்ணெய்க்குப் பிந்திய காலம், விலைச் சரிவு, மற்ற தொழில்கள் ஆகிய மூன்றிலும் இந்த வழிக்கு முழு மதிப்பெண். ஆனால் நார்வேயைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு தேதி விவரம் உண்டு. எக்கோஃபிஸ்க் வயலில் எண்ணெய் கிடைத்தது 1969ன் கடைசியில். உற்பத்தி தொடங்கியது 1971ல். நிதியத்துக்கான சட்டம் வந்தது 1990ல். முதல் பணம் உள்ளே போனது 1996ல். நடுவில் இருந்த கால் நூற்றாண்டு நார்வே என்ன செய்தது? செலவழித்தது. வரப்போகும் எண்ணெயை நம்பிக் கடன்கூட வாங்கியது. சொந்த எண்ணெய் நிறுவனத்தைக் கட்டியது, பொறியாளர்களை உருவாக்கியது, நலத்திட்டங்களை விரித்தது. 1986ல் விலை சரிந்தபோது அடியும் வாங்கியது. அதற்குப் பிறகுதான் சேமிப்பு.

இன்னொன்று. எண்ணெய் வருவதற்கு முன்பே அது ஏழை நாடல்ல. கப்பல், மீன்பிடி, நீர்மின்சாரம் எல்லாம் இருந்தன. அருவிகளில் மின்சாரம் எடுக்கத் தனியாருக்குக் கொடுத்த உரிமம் காலக்கெடு முடிந்ததும் அரசுக்கே திரும்ப வேண்டும் என்று 1909லேயே சட்டம் போட்ட நாடு அது. வளத்தை எப்படிக் குத்தகைக்கு விடுவது என்பதில் அவர்களுக்கு அறுபது ஆண்டு முன்பயிற்சி இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசின் அன்றாடச் செலவில் பெரும்பகுதியை இன்றும் வரியே சுமக்கிறது. அதனால்தான் எண்ணெய்ப் பணத்தை ஒதுக்கிவைக்க முடிகிறது.

இந்த அடித்தளம் இல்லாமல் அதே சட்டத்தை நகலெடுத்தால் என்ன ஆகும்? தென்கிழக்கு ஆசியத் தீவு நாடான கிழக்குத் திமோரைப் பார்க்கலாம். 2002ல் விடுதலை அடைந்து, 2005ல் நார்வே பாணியிலேயே பெட்ரோலிய நிதியம் தொடங்கியது. நிதியத்தில் இருப்பதையும் நிலத்தடியில் இருப்பதையும் கூட்டி, அதில் 3 சதவீதம் மட்டும் எடுக்கலாம் என்று சட்டம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் பட்ஜெட்டுக்கு வேறு வருமானமே கிட்டத்தட்ட இல்லை. நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டால் 3 சதவீதத்தைத் தாண்டலாம் என்று கதவும் திறந்திருந்தது. 2009 வாக்கிலிருந்து தாண்டிக்கொண்டே இருக்கிறார்கள். பணம் கொடுத்துவந்த பாயு-உண்டான் வயல் 2025ல் ஓய்ந்துவிட்டது. நிதியத்தில் 1,800 கோடி டாலர் அளவு இருந்தாலும், இதே வேகத்தில் எடுத்தால் 2030களில் தீர்ந்துவிடும் என்று அரசின் கணக்குகளே சொல்கின்றன.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று உண்டு. வெளிநாட்டில் குறைந்த வட்டிக்குச் சேமித்துக்கொண்டே வெளிநாட்டில் அதிக வட்டிக்குக் கடன் வாங்குவது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா 2011ல் எண்ணெய்ச் சட்டம் போட்டு, ஒரு பகுதியை அமெரிக்க அரசுப் பத்திரம் போன்ற பாதுகாப்பான இடங்களில் வைத்தது. லாபம் மிகச் சொற்பம். அதே கானா 2015ல் 10.75 சதவீத வட்டிக்கு 100 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. 2022 முடிவில் வெளிக்கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திவைத்தது. அதிக வட்டிக் கடன் இருக்கும் நாட்டுக்கு முதல் சேமிப்பு அந்தக் கடனை அடைப்பதுதான்.

நிதியத்தை யார் ஆள்கிறார்கள் என்பது மிச்சக் கதை. 21 சதுர கிலோமீட்டரே உள்ள பசிபிக் தீவு நவுரு, 1970களில் பாஸ்பேட் விற்று உலகின் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்தது. அறக்கட்டளை நிதியில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்திருந்தது. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், ஆளில்லாமல் பறந்த விமானங்கள், லண்டனில் மேடையேறிச் சில வாரங்களில் படுத்துவிட்ட ஓர் இசை நாடகம் என்று பணம் கரைந்தது. 2004ல் அந்தக் கட்டடத்தையும் விற்றார்கள். தீவின் நடுப்பகுதி முழுக்கச் சுரண்டிய பாறை. கடைசியில் ஆஸ்திரேலியாவின் அகதிகளைத் தடுத்துவைத்துக் காசு வாங்கும் நாடாக அது மாறியது. நவுரு என்ற பெயர் ஈழத்தமிழர் பலருக்குத் தெரியவந்தது அந்தத் தடுப்பு முகாமால்தான். அதே பசிபிக்கில், அதே பாஸ்பேட் விற்ற கிரிபாட்டியில், 1956ல் தொடங்கிய சேமிப்பு நிதி, சுரங்கம் 1979ல் மூடிய பிறகும், இன்றுவரை உயிரோடு இருக்கிறது. வளம் ஒன்றுதான், பெட்டியும் ஒன்றுதான். பூட்டு மட்டும் வேறு.

*பொருந்தும் இடம்:* எண்ணெய் இல்லாமலே அரசை நடத்த வரி வருமானம் உள்ள நாடு. அல்லது வருகிற பணத்தை உள்ளே செலவழிக்கவே முடியாத அளவுக்கு மக்கள்தொகை சிறிய நாடு.

## வழி 2: மக்கள் கையில் கொடுப்பது

1969ல் அலாஸ்கா எண்ணெய்க் குத்தகை ஏலத்தில் 90 கோடி டாலர் வாங்கியது. சில ஆண்டுகளில் அந்தப் பணம் செலவாகிவிட்டது, எங்கே போனது என்ற முணுமுணுப்பு எழுந்தது. 1976ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, சுரங்க ராயல்டியில் (வளத்தை எடுப்பவர் அரசுக்குத் தரும் பங்கில்) குறைந்தது 25 சதவீதம் நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்றார்கள். ஆளுநர் ஜே ஹேமண்ட் முன்னின்று தள்ளிய திட்டத்தில், நிதியின் லாபத்திலிருந்து 1982ல் ஒவ்வொருவருக்கும் முதல் 1,000 டாலர் வந்தது. கைக்குழந்தைக்கும் உண்டு. அதன் பிறகு ஆண்டு தவறாமல் வருகிறது.

இதன் அழகு பொருளாதாரத்தில் இருப்பதைவிட அரசியலில் இருக்கிறது. பங்கு தன் வீட்டுக்கு வருவதால், நிதியில் யாராவது கை வைத்தால் ஊரே கேட்கும். ஏழைக் குடும்பங்களுக்கு, குறிப்பாகக் கிராமப்புறப் பழங்குடியினருக்கு, இது பெரிய தொகை. சும்மா காசு கொடுத்தால் வேலைக்குப் போக மாட்டார்கள் என்ற பயமும் பலிக்கவில்லை: மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை என்றும், பகுதிநேர வேலை சற்றுக் கூடியது என்றும் ஆய்வுகள் காட்டின.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? அலாஸ்கா 1980ல் மாநில வருமான வரியை எடுத்துவிட்டது. வரி இல்லை, ஆனால் காசோலை வரும் என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2014க்குப் பின் எண்ணெய் விலை சரிந்தபோது பட்ஜெட்டில் பள்ளம் விழுந்தது. 2016ல் ஆளுநர் பில் வாக்கர் தொகையைப் பாதியாக வெட்டி 1,022 டாலராக்கினார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது, வெட்டு செல்லும் என்றார்கள். 2018 முதல் நிதியின் லாபம் அரசுச் செலவுக்கும் போகிறது. இப்போது ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடமா காசோலையா என்பதுதான் சட்டமன்றச் சண்டை. 2022ல் 3,284 டாலர், 2025ல் 1,000 டாலர். விலைவாசி ஏறிய பிறகு, 1982ன் 1,000 டாலர் அல்ல இது.

அலாஸ்கா குறைந்தபட்சம் லாபத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. மங்கோலியா வராத பணத்தையே பிரித்தது. 2008 தேர்தலில் கட்சிகள் போட்டிபோட்டு ரொக்கம் அறிவிக்க, 2010 முதல் மாதந்தோறும் எல்லாருக்கும் பணம் போனது, எதிர்காலச் சுரங்க வருவாயை அடகுவைத்து. 2012க்குள் அது நின்றது. 2017ல் நாடு பன்னாட்டு நாணய நிதியத்தின் வாசலில் நின்றது. ஈரான் 2010ல் எரிபொருள் மானியத்தை வெட்டிவிட்டு, தலைக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. தொடக்கத்தில் வறுமையை நன்றாகவே குறைத்த திட்டம். தொகையை உயர்த்தாததால் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. தேர்தல் நேரத்தில் அறிவித்த தொகையைப் பிறகு நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

கயானாவும் இதைத் தொட்டுப் பார்த்துவிட்டது. 2024 அக்டோபரில் முதலில் வீட்டுக்கு 2 லட்சம் கயானா டாலர் என்று அறிவித்து, சில நாட்களிலேயே 18 வயதான ஒவ்வொருவருக்கும் 1 லட்சம் என்று மாற்றினார்கள். அமெரிக்கக் காசில் 480 டாலர் அளவு. அடுத்த ஆண்டு தேர்தல். எந்த விதியின்கீழ் இந்தத் தொகை, அடுத்து எப்போது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அலாஸ்காவின் பலமே விதிதான். விதி இல்லாத ரொக்கம் அன்பளிப்பு.

*பொருந்தும் இடம்:* அரசின் கைக்குப் போனால் பணம் காணாமல் போகும் என்பது உறுதியான நாடு. அல்லது வறுமை பரவலாக இருந்தும் அரசு அலுவலகம் எட்டாத பரப்பு. லாபத்திலிருந்து மட்டும், சூத்திரப்படி கொடுத்தால் நல்லது.

## வழி 3: உள்நாட்டில் கட்டுவது

என் பார்வையில் ஏழை நாட்டுக்கு இதுதான் முதல் வழி. ஆனால் மிக எளிதில் கெட்டுப்போகும் வழியும் இதுதான்.

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா 1966ல் விடுதலை பெற்றபோது அங்கே தார்ச்சாலை மொத்தம் 12 கிலோமீட்டர். அடுத்த ஆண்டு ஓராபாவில் வைரம் கிடைத்தது. அந்த இடம் முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமாவின் சொந்த இனக்குழுவான பாங்வாட்டோ மக்களின் நிலம். 1967 சட்டம் கனிம உரிமை முழுவதையும் நாட்டுக்கு மாற்றியது. 'எங்கள் வைரம்' என்ற சண்டை எழுவதற்கு முன்பே அதன் வேரை அறுத்துவிட்டார்கள். வைர நிறுவனமான டிபியர்ஸுடன் பேசிப் பேசி 1970களின் நடுவில் சரிபாதிப் பங்கைப் பிடித்தார்கள். வரி, ராயல்டி, ஈவுத்தொகை எல்லாம் சேர்த்து லாபத்தில் ஐந்தில் நான்கு பங்கு அரசுக்கு வருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். எக்ஸான்மொபிலுடன் கயானா போட்ட 2016 ஒப்பந்தத்தை இதன் பக்கத்தில் வைத்தால் வயிறு எரியும்: வருகிற எண்ணெயில் 75 சதவீதம் வரை, போட்ட செலவை ஈடுகட்டும் செலவுக் கழிவாக நிறுவனங்களுக்கு, மிச்சத்தில் பாதி நாட்டுக்கு, மேலே 2 சதவீத ராயல்டி. ஆகக் கூடி 14.5 சதவீதம். போட்ட முதலைக் கழித்து முடித்தால் இந்தப் பங்கு கூடும், அதற்கு இன்னும் காலம் ஆகும்.

போட்ஸ்வானா வைரப் பணத்தைச் சாலை, தண்ணீர், பள்ளி, மருத்துவமனை என்று போட்டது. தேசிய வளர்ச்சித் திட்டத்தில் இல்லாத வேலைக்குப் பணம் கிடையாது. 1990களில் இருந்து ஒரு சோதனையும் வைத்துக்கொண்டார்கள்: கல்வி, சுகாதாரம் நீங்கலான அன்றாடச் செலவைக் கனிமம் சாராத வருமானத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். விடை ஒன்றுக்குக் கீழே இருந்தால் வைரம் முதலீடாகிறது. ஒன்றைத் தாண்டினால் வைரத்தைச் சாப்பிடுகிறோம். இந்த ஒரு வகுத்தல் கணக்கு பல நூறு பக்க அறிக்கைகளைவிட மேல் என்பேன். 1994ல் பூலா நிதி என்று சேமிப்பும் வைத்தார்கள், ஆனால் கட்டுவதற்கு அடுத்த இடத்தில்தான். 2002ல் எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, ஆப்பிரிக்காவில் அப்படிச் செய்த முதல் நாடுகளில் ஒன்றாக இருக்க முடிந்தது இந்தப் பணத்தால்தான்.

சரி, இவ்வளவு நன்றாகச் செய்தும் எங்கே இடித்தது? ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்கு இன்றும் வைரமே. பள்ளி கட்டினார்கள், படித்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் தொழில் வளரவில்லை. மொருபுலே பி அனல்மின் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து பழுதாகிப் பழுதாகி நின்றது. ஆய்வகத்தில் செய்த வைரங்கள் சந்தையைப் பிடிக்க, 2023க்குப் பின் விலை சரிந்தது. 2024 தேர்தலில் விடுதலைக் காலம் முதல் ஆண்ட கட்சி தோற்றது. 2025 ஆகஸ்டில் மருந்துத் தட்டுப்பாட்டால் புதிய குடியரசுத் தலைவர் டூமா போகோ பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்க வேண்டியதாயிற்று. மருந்து வாங்கும் ஏற்பாட்டில் இருந்த ஓட்டைகளோடு, வைர வருவாய் விழுந்ததும் ஒரு காரணம். இந்த வழி விலைச் சரிவைத் தானாகத் தாங்காது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் முதலில் வேகம். ஒரு நாடு ஒரே ஆண்டில் எத்தனை பாலம் கட்ட முடியும் என்பதற்குப் பொறியாளர், கொத்தனார், கணக்காளர் எண்ணிக்கையே எல்லை. அதைத் தாண்டிப் பணம் ஊற்றினால் பாலத்தின் விலைதான் ஏறும். அடுத்தது பராமரிப்பு: கட்டியதை ஆண்டுதோறும் பேண வேண்டும், அது அன்றாடச் செலவில் சேரும். மூன்றாவது, பிரமாண்டத் திட்டங்கள். கிழக்குத் திமோரின் தென்கரைத் திட்டத்தில் நெடுஞ்சாலையும் விமான நிலையமும் முதலில் வந்துவிட்டன. அவை சேவை செய்ய வேண்டிய எரிவாயு ஆலை வரவில்லை. வாயு வர வேண்டிய கிரேட்டர் சன்ரைஸ் வயலில் பெரும்பங்கை 2019ல் 65 கோடி டாலருக்கு அரசு வாங்கியது, அங்கேயும் உற்பத்தி தொடங்கவில்லை.

*பொருந்தும் இடம்:* மின்சாரம், சாலை, கல்வி ஆகிய அடிப்படைகளில் பெரிய ஓட்டை உள்ள நாடு. டெண்டரை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்க முடிய வேண்டும்.

## வழி 4: விலைத் தாங்கல் நிதி

இது தனி வழி என்பதைவிட, மற்ற மூன்றுக்கும் தேவைப்படும் துணை. சிலி 2001 முதல் தாமிரத்தின் நீண்டகால விலை எவ்வளவு என்று வல்லுநர் குழு ஒன்றிடம் கேட்டு, அந்த விலை வந்ததாக வைத்துக்கொண்டு பட்ஜெட் போடுகிறது. உண்மை விலை மேலே போனால் உபரி நிதிக்குப் போகும், கீழே போனால் நிதியிலிருந்து வரும். விலையை நிதியமைச்சர் கணிக்காமல் வெளியாட்கள் கணிப்பதுதான் இதில் சூட்சுமம்.

தாமிரம் உச்சத்தில் இருந்தபோது நிதியமைச்சர் ஆண்ட்ரெஸ் வெலாஸ்கோ பணத்தைச் செலவழிக்க மறுக்கிறார் என்று தெருவில் போராட்டம் நடந்தது. 2008 கடைசியில் உலக நெருக்கடியில் விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. 2009ல் சேமிப்பிலிருந்து எடுத்து 400 கோடி டாலர் அளவுக்கு ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள். திட்டு வாங்கிய அரசுக்கு ஆதரவு கூடியது.

குறை: இது தலைமுறைச் சேமிப்பு அல்ல. கொரோனா காலத்தில் பெரும்பகுதி காலியானது, மறுபடி நிரப்ப நல்ல விலை வர வேண்டும். கையில் பணமே இல்லாதவருக்கு நேரடியாக எதுவும் தருவதும் இல்லை. அப்புறம், எந்த வளத்தையும் ஒரு துறைக்கு எழுதிவைப்பதன் ஆபத்துக்கும் சிலியே சாட்சி. அரசுத் தாமிர நிறுவனமான கோடெல்கோவின் ஏற்றுமதி வருமானத்தில் 10 சதவீதம் ராணுவத்துக்கு என்ற சட்டத்தை ஒழிக்க 2019 வரை ஆனது.

## ஒரே பார்வையில்

| | வெளிநாட்டுச் சேமிப்பு | மக்களுக்கு ரொக்கம் | உள்நாட்டு முதலீடு | விலைத் தாங்கல் |
|---|---|---|---|---|
| எண்ணெய்க்குப் பின் | அசல் மிஞ்சும், எடுக்கும் விதி நின்றால் | லாபத்தைப் பிரித்தால் மிஞ்சும் | கட்டியது உழைத்தால் மிஞ்சும் | அதிகம் மிஞ்சாது |
| விலை சரிந்தால் | நன்றாகத் தாங்கும் | தொகை ஆடும், சண்டை வரும் | பாதி வேலை நிற்கும் | இதற்காகவே இருப்பது |
| மற்ற தொழில்கள் | பாதுகாப்பு | விலைவாசி ஏறலாம் | அவசரப்பட்டால் நசுங்கும் | ஓரளவு பாதுகாப்பு |
| ஆட்சியாளர் கை | பூட்டைப் பொறுத்தது | மக்களே காவல். தேர்தலில் ஏலம் போகும் | டெண்டரில் எளிது | வெளியாட்கள் கணித்தால் கடினம் |
| இன்றைய ஏழைக்கு | காத்திருக்க வேண்டும் | உடனே | சில ஆண்டுகளில் | நெருக்கடியில் மட்டும் |
| மறைந்த செலவு | அதிக வட்டிக் கடனோடு சேமிப்பது | வரியே இல்லாமல் போவது | பராமரிப்பு, வெற்றுப் பிரமாண்டம் | திரும்ப நிரப்புவது |

## கயானா எதை எடுக்க வேண்டும்?

காகிதத்தில் கயானா முதல் வழியில் இருக்கிறது. அதன் இயற்கை வள நிதி நியூயார்க்கில், அமெரிக்க மத்திய வங்கியின் கிளையில் இருக்கிறது. நடப்பில் அது மூன்றாம் வழியில் வேகமாக ஓடுகிறது. 2021 சட்டம், முந்தைய ஆண்டு வந்த பணத்தில் முதல் 50 கோடி டாலரை முழுவதும், அதற்கு மேல் படிப்படியாகக் குறையும் விகிதத்தில் எடுக்கலாம் என்றது. 2024ல் அந்த முதல் படியை 100 கோடியாக உயர்த்தினார்கள். பட்ஜெட் 2019ல் 30,070 கோடி கயானா டாலர்; 2025ல் 1.38 லட்சம் கோடி. ஆறு ஆண்டில் நாலரை மடங்கு.

நார்வே விரும்பிகள் இதைப் பார்த்துக் கொதிப்பார்கள். நான் அவ்வளவு கொதிக்க மாட்டேன். மக்களில் மிகப் பெரும்பாலோர் வாழும் கரையோரம் கடல் ஏற்ற மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. தலைநகர் ஜார்ஜ்டவுனைக் காப்பது ஒரு கடற்சுவர். 2005ல் அந்தக் கரை வெள்ளத்தில் மூழ்கியது. மின்வெட்டு சாதாரணம். படித்தவர்களில் பெரும்பகுதி வெளிநாடு போய்விடும் நாடு. இப்படிப்பட்ட இடத்தில் கடற்சுவர், வடிகால், மின்சாரம், செவிலியர் பயிற்சி ஆகியவை தரும் லாபத்தை நியூயார்க் பத்திரம் தராது. டெமெராரா ஆற்றில் 1978 முதல் இருந்த மிதவைப் பாலத்துக்குப் பதிலாக 2025ல் வந்த உயரப் பாலம் நல்ல செலவுதான்.

கவலை வேறு இடத்தில். கரும்பு எண்ணெய்க்கு முன்பே தள்ளாடியது. 2016 முடிவிலும் 2017லும் வேல்ஸ் உட்பட நான்கு தோட்டங்களை மூடினார்கள், ஏழாயிரம் பேர் அளவுக்கு வேலை இழந்தார்கள். இன்று கட்டுமானக் கூலி ஏறியிருக்கும் நிலையில், மிச்சத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் ஆள் பிடிப்பது இன்னும் கடினம். டச்சு நோய் பாடப் புத்தகத்தில் சொன்னபடியே வருகிறது. அதே வேல்ஸ் நிலத்தில் இப்போது 300 மெகாவாட் எரிவாயு மின் நிலையம் எழுகிறது. மின் கட்டணத்தைப் பாதியாக்குவோம் என்கிறார்கள். சொன்ன தேதி தவறிவிட்டது. ஆனால் திட்டம் முடிந்து கட்டணம் உண்மையில் குறைந்தால், எண்ணெய் சாராத தொழில் முளைக்க அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆகவே என் தேர்வு: அடுத்த பத்து ஆண்டுக்கு மூன்றாம் வழி, கட்டக்கூடிய வேகத்தில். அதோடு நான்காம் வழியின் விலைக் கணிப்பு, வெளியாட்கள் கையில். முதல் வழிக்கு வேகமாகப் போக வேண்டியது செலவுக் கழிவு முடிந்து நாட்டின் பங்கு ஏறும்போதுதான். அப்போது வரும் பணம் எட்டு லட்சம் பேர் உள்ளே செலவழிக்கக்கூடியதைவிட அதிகமாக இருக்கும். ரொக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஆண்டுத் தொகையை நிதியின் லாபத்தோடு சட்டத்தில் கட்டிப்போட வேண்டும். இப்போது போல அறிவிப்பில் விடக்கூடாது.

அதைவிட முக்கியமானது சம்பளமும் மானியமும். பல்கலைக்கழகக் கட்டணத்தை 2025ல் ரத்து செய்தது நல்ல முதலீடு என்று ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அரசு ஊழியர் எண்ணிக்கை, எரிபொருள் வரி விலக்கு, புதிய உதவித்தொகை என்று ஆண்டுதோறும் திரும்பி வரும் செலவுகள் எண்ணெயைப் பிடித்துத் தொங்கத் தொடங்கினால், 2030களில் கயானா இன்னொரு கிழக்குத் திமோர். போட்ஸ்வானாவின் வகுத்தல் கணக்கை ஆண்டு பட்ஜெட்டின் முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று ஒற்றை வரியில் ஒரு சட்டம் போட்டால் போதும். விடை ஒன்றைத் தாண்டும் ஆண்டில் புதிய நிரந்தரச் செலவு எதையும் நாடாளுமன்றம் ஏற்கக்கூடாது என்று இன்னொரு வரி. உற்பத்தி ஏறிக்கொண்டிருக்கும் இப்போது இதை நிறைவேற்றுவது எளிது. விலை விழுந்த பிறகு எந்தக் கட்சியும் இதைத் தொடாது.